எடுத்துப் போட்டுக்கோ

என் அன்பு அக்காவுக்கு, உன் தம்பி சொல்லச் சொல்லக் கிட்டப்பா எழுதுவது.

பட்டப்பகலில் சூரியனை முழுசாக மூடிய கிரகணம் வந்ததே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோன வருஷம். மாடிவீட்டு டீச்சருக்கு இரட்டைக் குழந்தை பிறந்து, எது மூத்தது என்று நர்ஸ் மறந்துபோன வருஷம். பாலத்தில் ஒரு லாரி பாதி உள்ளே பாதி வெளியே தொங்கி, ஊரே சாப்பாடு கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்த்ததும் அதே வருஷம்தான். அந்த வருஷத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

சுகம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில் கிரகணத்துக்குப் போகக் கூடாது என்று கிட்டப்பா பேனாவை மூடி வைத்துவிட்டான். கடிதத்துக்கு ஒரு முறை உண்டாம். சரி, விசாரிக்கிறேன். நீ சுகமா? உன் மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் சுகமா? அங்கே பனி கொட்டுகிறதாமே, வாசலில் வழுக்கி விழுந்து தொலைக்காதே. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. வானிலை ஆபீஸில் இருந்து ஆள் வந்து அதைக் கேட்டுப் போகலாம். உனக்குக் காது மந்தம், எனக்குக் கண் மங்கல். இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு ஆள் தேறும். போனில் நான் கத்த, நீ வேறொன்றுக்குப் பதில் சொல்ல, நடுவில் உன் மகள் சிரிக்க, அது நமக்கு ஒத்துவரவில்லை. கடிதம்தான் சரி.

கிட்டப்பாவுக்குத் திருப்தியா என்று கேட்டேன். திருப்தி என்கிறான். இனி நான் சொன்னபடி எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என்ன வந்தாலும் எழுத வேண்டும். சரி என்று தலையாட்டியிருக்கிறான். பார்ப்போம்.

அக்கா, அந்தக் கிரகணத்துக்கு அத்தான் என்ன செய்தார், சொல்லு. ஊருக்கெல்லாம் கறுப்புக் கண்ணாடி விற்கலாம் என்று பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தார். நீ வேண்டாம் என்று சொன்னாய். "உங்க அத்தானுக்குக் கண்ணாடிக் கடை இருக்கே தவிர முன்யோசனை இல்லைடா" என்று என்னிடம் புலம்பினாய். பாதிகூட விற்கவில்லை. மீதியை எங்கே வைப்பது? தயாரான மூக்குக் கண்ணாடிகளை வைக்கும் இழுப்பறையில் திணித்தோம். இழுப்பறை மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இந்த இழுப்பறையை மறந்துவிடாதே, திரும்பி வருவேன்.

கிரகணம் போய்க் கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், கடையில் நானும் அத்தானும் மட்டும் இருக்கிறோம். நான் பின்னால் உட்கார்ந்து கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது இருபது வயசு இருக்கும், ஒருத்தன் உள்ளே வந்தான். வந்த வேகத்தில் கதவுக் கண்ணாடியில் முட்டிக்கொண்டான். அத்தானுக்கு ஒரே சந்தோஷம். "வாடா ராஜா, சரியான கடைக்குத்தான் வந்திருக்கே" என்றார். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, சும்மா பார்க்க வந்தேன் என்றான். "பார்க்கத்தான் உன்னால முடியலையே" என்று சொல்லி அத்தான் அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

அந்த எழுத்து அட்டையை எதிர்ச் சுவரில் மாட்டி, படி என்றார். எனக்கு எழுத்து தெரியாது என்றான். தம்பி, நீ வா என்று என்னைக் கூப்பிட்டார். உனக்குத்தான் தெரியுமே, எனக்கும் எழுத்து தெரியாது. ஆனால் அந்த அட்டையில் உள்ளதை மட்டும் மேலிருந்து கீழே கடகடவென்று ஒப்பிப்பேன். வாடிக்கைக்காரர்கள் என்னைப் படித்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அட்டையைத் தலைகீழாக மாட்டினாலும் அதையே ஒப்பிப்பேன் என்பது அத்தானுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். "இவனுக்கும் எழுத்து தெரியாதுடா, வெட்கப்படாதே" என்று அன்றைக்கு அந்த ரகசியத்தையும் உடைத்தார். அந்தப் பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

பரிசோதனை பிரேமை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தார். ஒன்றில் அவன் சட்டென்று எழுந்துவிட்டான். பிரேமோடு வாசலுக்கு ஓடினான். எதிரே பேக்கரி வாசலில் ஒரு மரம் நின்றதே, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இலை தனித்தனியா இருக்கு" என்றான். அத்தான் ஆமாம் என்றார். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா?" என்றான். "எல்லாருக்கும் இப்படித்தான்டா தெரியும்" என்றார். அதற்கு அவன் கேட்டான் பாரு, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அப்புறம் ஏன் எல்லாரும் சும்மா நடந்து போறாங்க?"

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாளை கழித்து வா, கண்ணாடி தயாராக இருக்கும் என்றார். பெயர் கேட்டார். அவன் முழித்தான். அந்த முழி ஏன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. சரி விடு, நானே வைக்கிறேன் என்று அத்தான் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "உனக்குக் கிட்டப்பார்வை. அதனால நீ கிட்டப்பா."

பேனா நின்றுவிட்டது, அக்கா. எதிர்பார்த்தேன். பானையருகே போய்த் தண்ணீர் குடிக்கிறான். குடித்து முடித்தும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. எழுதுவதாகத் தலையாட்டியிருக்கிறாய், வந்து உட்காருடா என்றேன். வந்து உட்கார்ந்துவிட்டான். நான் இப்போது சொல்வதையும் எழுது என்றேன். எழுதுகிறான்.

ஆமாம் அக்கா. அவன்தான் இவன்.

போன வருஷத்திலிருந்து உனக்கு வருகிற கடிதங்களை எல்லாம் எழுதுகிறவன், "முத்து முத்தாக எழுதும் அந்தப் பிள்ளை யாருடா, அவன் கை நல்லாயிருக்கட்டும், கிட்டப்பாவுக்கு என் ஆசீர்வாதம்" என்று நீ ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் போடுகிறாயே, அவன் வேறு யாரும் இல்லை. அத்தானைக் கொன்றான் என்று கோர்ட்டில் தூக்குத் தண்டனை வாங்கியவன்தான். கோர்ட்டுக் காகிதத்தில் நீ பார்த்த பெயர் வேறு, இது அத்தான் வைத்த பெயர். கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே படி.

நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஜெயில் படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "உயிரோட இருக்கட்டும்டா. ஆனா என் கண்ணுல மட்டும் படக்கூடாது." இன்றுவரை உன் கண்ணில் அவன் படவில்லை. அவன் எழுத்துதான் பட்டது. என் கண்ணில் படக்கூடாது என்று நீ சொல்லவே இல்லை. இதை வக்கீல் வாதம் என்று நீ திட்டுவாய். திட்டு. உன் வாயால் திட்டு வாங்கியும் நாளாயிற்று.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துண்டு துண்டாகத்தான் நீ கேட்டிருக்கிறாய், இவன் பக்கத்துத் துண்டு உன்னிடம் இல்லை. இவனுக்கு அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். அப்பாவின் தம்பியையே அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் போனாள். சித்தப்பன் இவனை ஒரு விடுதியில் தள்ளினான். அங்கே கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் இவனுக்குப் பலகையே தெரியாது. பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பதைச் சொல்வான். அவன் வேண்டுமென்றே தப்பாக முணுமுணுப்பான். அடி. மக்கு என்றே கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ச் சித்தப்பனிடமே விழுந்தான். அவன் வேலை கொடுத்தால் சோறு, இல்லாவிட்டால் மொட்டைமாடியில் பூட்டு. இதையெல்லாம் இவன் அழாமல் சொல்கிறான். நடுவில் ஜோக்குகூட அடிக்கிறான். "அடிக்க வர்றது தெரியாதுங்க அய்யா, விழுந்தப்புறம்தான் தெரியும், பயப்படறதுக்கு நேரமே இருக்காது" என்கிறான்.

அத்தான் கடையில் தங்க பிரேம் இருக்கிறது என்று போர்டு இருந்ததே, அதைச் சித்தப்பன் நம்பிவிட்டான். வெறும் முலாம் என்று அவனுக்கு யார் சொல்வது? எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவா என்று அனுப்பிய ஆள்தான் அந்த மத்தியானம் கதவில் முட்டிய ஆள். திரும்பிப் போனதும் சித்தப்பன் கேட்டிருக்கிறான், தங்கம் எங்கடா இருக்கு? "தெரியல சித்தப்பா, எனக்கு இலை மட்டும்தான் தெரிஞ்சுது" என்றானாம். அதற்கு ஒரு அறை. வேற கடைக்குப் போகலாம் என்றானாம். அதற்கு இன்னொன்று.

மறுநாள் சாயங்காலம் நான் பார்சல் எடுக்கத் தபாலாபீஸ் போயிருந்த நேரம். வண்டியில் டிரைவர். கடைக்குள்ளே சித்தப்பன். வெளியே காவல் யார்? இவன். கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாதவனைக் காவலுக்கு நிறுத்திய ஒரே கொள்ளைக் கூட்டம் உலகத்திலேயே இதுதான். ஷட்டரைப் போடுவதும் இவன் வேலை. கொக்கிக் கம்பியால் பாதி இழுத்தான். சித்தப்பன் அந்தக் கம்பியை இவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனான். மிச்சத்தை இவன் காலால் மிதித்து இறக்கினான். உள்ளே சத்தம் கேட்டது. ஷட்டர் மேலே போயிற்று. இரண்டு கால்கள் ஓடின, வண்டி கிளம்பியது. இவன் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் எதிலாவது முட்டித்தான் நின்றிருப்பான். உள்ளே போனான். அத்தான் தரையில் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நான் வரும்போது கூட்டம். இன்ஸ்பெக்டர் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். என் காதால் கேட்டேன்.

"யார்டா போட்டது?"

"நான்தான் சார் போட்டேன்."

"ஏன்டா போட்டே?"

"சித்தப்பா போடச் சொன்னார் சார்."

"எதால போட்டே?"

"கம்பியாலதான் சார்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? கோர்ட்டில் இந்த ஆறு வரியைத்தான் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கம்பியில் இவன் கைரேகை. நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சித்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டான். டிரைவர் அப்ரூவராகி அதற்கு ஆமாம் போட்டான். இவனுக்குத் தூக்கு, சித்தப்பனுக்கு ஆயுள். அப்போது எனக்கும் சந்தோஷம்தான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். நீ மட்டும் அன்றைக்கு அத்தானுடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய்.

தூக்குக்கு நாள் குறித்த பிறகு, அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். எல்லாரும் தடுத்தோம். நீ யார் பேச்சைக் கேட்டாய்? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீ. ஏன்டா அவரைப் போட்டே என்று கேட்டாய். அவன் உன்னையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவரைப் போடலம்மா. ஷட்டரைத்தான் போட்டேன். நான் மட்டும் அதைப் போடாம இருந்திருந்தா அவர் வெளியே ஓடி வந்திருப்பார். அதனால நான்தாம்மா போட்டேன்."

நீ வெளியே வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினாய். "தம்பி, அவன் போட்டது ஷட்டரைடா! ஷட்டரைடா!" ஜெயில் வாசலில் பழம் விற்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்பார்கள். ஒரே வார்த்தை, இன்ஸ்பெக்டர் காதில் ஒன்றாக விழுந்தது, உன் காதில் ஒன்றாக விழுந்தது. இப்போதுதான் உனக்குக் காது மந்தம். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டாகிவிட்டது. பிறகு நீ ஏறாத ஆபீஸ் இல்லை, போடாத மனு இல்லை. போட்டது ஷட்டர்தான் என்று சட்டம் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர் பெண்டாட்டியே கேட்கிறாளே என்று கயிற்றை மட்டும் எடுத்தார்கள். அதுவரைக்கும் போதும் என்று நீயும் ஷட்டரைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டு மகளிடம் போய்விட்டாய்.

இனிமேல்தான் நல்ல சேதி எல்லாம். நிமிர்ந்து உட்கார்.

ஜெயிலில் ஒரு கண் முகாம் நடந்தபோது இவனுக்கு ஏதோ ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். யாருக்கோ செய்தது, இவன் மூக்குக்குப் பெரிசு, நூல் போட்டுக் காதில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு எழுத்து கற்றுக்கொண்டான். மக்கு என்றார்களே, அந்த மக்குதான் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்தவன். இந்தக் கடிதத்தையே "பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களின் சமூகத்துக்கு" என்றுதான் ஆரம்பித்தான். டேய், இது மனு இல்லை, என் அக்காவுக்குக் கடுதாசி என்று சொல்லி அடிக்கவைத்தேன். காகிதத்தின் தலையில் மை தீட்டியிருக்கிறதே, அது அதுதான்.

போன வருஷம் வெளியே விட்டார்கள். வாசலில் நிற்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் போய் நின்றேன். நீ கேட்பாய் ஏன்டா போனாய் என்று. நீ காப்பாற்றிய உயிரை ரோட்டில் விட்டுவிட்டு வர முடியுமா? பின்கட்டு அறையில் இருக்கிறான்.

முதல் வாரம் ஒரே கூத்து. மூடின கதவைக் கண்டால் அதன் முன்னால் போய் நின்றுவிடுவான். இவனாகத் திறக்க மாட்டான். ஒரு காலையில் குளிக்கப் போனவனைக் காணோம். பார்த்தால் குளியலறைக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால், ஈரத் தலையோடு நிற்கிறான். என்னடா என்றால், யாரும் திறக்கலைங்க அய்யா என்கிறான். தாழ்ப்பாள் உன் பக்கம்தான்டா இருக்கு என்றேன். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான் பாரு, அந்தச் சிரிப்புக்கு இன்னொரு தடவை ஆயுள் தண்டனை கொடுக்கலாம். இப்போதெல்லாம் திறந்த கதவை மூட மாட்டேன் என்கிறான். தெருப் பூனைகள் எல்லாம் நம் வீட்டில்தான்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மேஜை போட்டு மனு எழுதுகிறான். கடை ஒரு பெண்ணுடையது. நாற்பதை நெருங்கியவள், தனி ஆள், வாய்க்காரி. அவளைப் பற்றி எழுது என்றால் இவன் காது வரைக்கும் சிவந்து போய் மாட்டேன் என்கிறான். அதனால் அவளையே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறேன். கீழே நாலு வரி கையெழுத்து மாறும், பயப்படாதே.

அம்மாவுக்கு வணக்கம். ஜெராக்ஸ் கடைக்காரி எழுதுகிறேன். என் எழுத்து இவர் எழுத்து மாதிரி இருக்காது, மன்னிக்கவும். தாத்தா சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார், அவர் சொல்வதை எழுதப் போவதில்லை. இவர் மேஜை போட்ட முதல் நாளே தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாத ஆளை எங்கே போய்த் தேடுவது? கட்டிக்கிறீங்களா என்று நான்தான் கேட்டேன். அந்த அம்மா என்ன சொல்வாங்களோ என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நீங்கள் சரி என்றால் சரி. வேண்டாம் என்றால், மேஜை இருக்கும், ஜெராக்ஸ் மெஷின் இருக்கும், நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான் அம்மா. தாத்தா முழங்காலுக்கு எண்ணெய் போட விடமாட்டேன் என்கிறார், அதையும் கேளுங்கள்.

பார்த்தாயா, கோள் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். இனி பழையபடி கிட்டப்பா.

இப்போது இழுப்பறைக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன மாதம் ஒரு சாயங்காலம். ஜெராக்ஸ் கடைக்காரி வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இவன் வேலை முடிந்து பசியோடு வந்தான். நான் மூடியைத் திறந்து நீட்டி, "எடுத்துப் போட்டுக்கோடா" என்றேன். அவ்வளவுதான். ஆள் அப்படியே நின்றுவிட்டான். மறுபடி கதவு ஏதாவது மூடிவிட்டதா என்று நான்கூடத் திரும்பிப் பார்த்தேன். பிஸ்கட் சாப்பிடுவதில்லைங்க அய்யா என்றான். ஏன்டா என்றேன்.

அப்போதுதான் சொன்னான். போலீசிடம் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டான். அன்றைக்குத் தரையில் கிடந்த அத்தான் பக்கத்தில் இவன் உட்கார்ந்தபோது அத்தானுக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். யார் என்று அடையாளம் தெரிந்தது. "கிட்டப்பா" என்றார். பிறகு கவுண்டர் பக்கம் கையைக் காட்டி, "பிஸ்கட் டப்பாவுல இருக்குடா, எடுத்துப் போட்டுக்கோ" என்றார். அதோடு முடிந்தது.

"பசியோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு, சாகிற நேரத்துல எனக்குப் பிஸ்கட் கொடுத்தாருங்க அய்யா. அவருக்கு நான் ஷட்டரைப் போட்டேன், எனக்கு அவர் வாயில போட்டுக்கச் சொன்னார். அதுக்கப்புறம் பிஸ்கட் தொண்டையில இறங்கலை" என்றான்.

அக்கா, நான் உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தேன். இவன் பயந்துபோய் என் நெஞ்சைத் தடவுகிறான். சிரித்துக்கொண்டே அழுகிறேன், அழுதுகொண்டே சிரிக்கிறேன், பூனைகள் எல்லாம் வெளியே ஓடிவிட்டன. டேய் மக்கு, நம்ம கடை பிஸ்கட் டப்பாவுல பிஸ்கட் எங்கடா இருந்தது என்றேன்.

இழுப்பறை நிறையக் கிரகணக் கண்ணாடி. தயாரான மூக்குக் கண்ணாடிகளுக்கு இடம் இல்லை. அதனால் அந்த வாரம் எல்லாவற்றையும் பேக்கரிக்காரர் கொடுத்த காலி பிஸ்கட் டப்பாவில்தான் போட்டுக் கவுண்டருக்கு அடியில் வைத்திருந்தோம். அது அத்தானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில்தான் நான் இவன் கண்ணாடியைத் தேய்த்து முடித்து, பிரேமில் பொருத்தி, கூட்டில் வைத்து, அத்தான் எழுதிய சீட்டைச் சுற்றி, டப்பாவில் போட்டேன். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே தயார். அத்தான் அதை எடுத்துப் பார்த்து, "நாளைக்கு வருவான் பாரு, நேரா மரத்தைப் பார்க்கத்தான் ஓடுவான்" என்று சொல்லிச் சிரித்தார்.

வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை அக்கா. கண்ணில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

டப்பாவில் இருக்கிறது என்று வெளியாள் ஒருத்தன் சொல்ல முடியாது, அத்தான் வாயால் கேட்டிருந்தால் ஒழிய. அவனை அடிக்க வந்தவன் என்று அத்தான் நினைத்திருந்தால் அந்த மூச்சில் அதைச் சொல்லியிருப்பாரா? யார் போட்டது, யார் போடவில்லை என்று கோர்ட் கேட்டது, இன்ஸ்பெக்டர் கேட்டார், நீயும் நானும் கேட்டோம். அடிபட்ட மனுஷர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நமக்கு வந்து சேர இவ்வளவு வருஷம் ஆயிற்று.

இந்தச் சிரிப்பை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. உன் புருஷன் கடைசியாக நினைத்தது வலியை இல்லை, பயத்தை இல்லை. ஒரு கண்ணாடி தயாராகிவிட்டது, அதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். இருபத்தி நாலு மணி நேரமும் கடை, கடை என்று இருக்கிறாரே என்று நீ திட்டுவாய். பார், கடைசிவரை மாறவே இல்லை.

அந்த டப்பா இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நீ பூட்டினபடியே ஷட்டர் கிடக்கிறது. பேக்கரி இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது, மரம் மட்டும் நிற்கிறது. பூட்டுக்காரன் ஒருத்தன், துருப்பிடிச்ச பூட்டுதானே தாத்தா, ஒரு தட்டு போதும் என்றான். அடிக்கப் போய்விட்டேன் அவனை. அந்தக் கடைக்குள் ஒரு தடவை அத்துமீறி நுழைந்தது போதும். இனி சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். சாவி உன்னிடம்.

பவர் மாறியிருக்கும், தெரியும். பிரேம் அப்படியே இருக்கும். கண் மங்கினாலும் கை மறக்கவில்லை, புதுக் கண்ணாடி நான் தேய்த்துக்கொள்கிறேன். அந்த நூல் கட்டின கண்ணாடியோடு இவன் மாப்பிள்ளையாக நின்றால் பார்க்கச் சகிக்காது.

அக்கா, நான் உன்னிடம் கேட்பது பெரிசு என்று தெரியும். நீயே வந்தால், உன் கண்ணில் இவன் படுவான். வர முடியாவிட்டால் சாவியை மட்டும் அனுப்பு. அனுப்பினால் சரி என்று எடுத்துக்கொள்வோம். அனுப்பாவிட்டால் உன்மேல் ஒரு துளி வருத்தம் கிடையாது. இரண்டு பேருக்கும் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதமும் கடிதம் வரும், இதே கையெழுத்து வேண்டாம் என்றால் மாடிவீட்டு டீச்சரிடம் போகிறேன். அவள் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆனால் என் ஆசையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். போட்டதற்குத் தூக்கு என்றார்கள் அன்றைக்கு. சரிதான். ஷட்டரைப் போட்டவன்தானே அதைத் தூக்கவும் வேண்டும்? அவன் கையாலேயே தூக்கட்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்துவிடுகிறேன்.

நீயாக ஒரு வரி எழுதிக்கொள்ளடா என்று இவனிடம் சொன்னேன். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனு எழுதிப் பழகின கை, வேறு வரவில்லை என்கிறான். வந்ததை எழுது என்றேன்.

அம்மா, மேற்படி விஷயத்தில் தாங்கள் எந்த உத்தரவு இட்டாலும் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

அவ்வளவுதான் அவனுக்கு வந்தது. அதையே ஆயிரம் வரியாக வைத்துக்கொள்.

அன்றைக்குக் கடை வாசலிலும் உள்ளேயும் இருந்தவர்களை நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அத்தான் அன்றைக்கே போனார். சித்தப்பன் ஜெயில் ஆஸ்பத்திரியில் போனான், இவன்தான் கடைசிவரை கஞ்சி ஊட்டியிருக்கிறான். டிரைவர் குடித்தே போனான். இன்ஸ்பெக்டர் ரிட்டயராகி ஈஸி சேரில் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அத்தானைத் தூக்கி வண்டியில் ஏற்றிய பேக்கரிக்காரரும் போய்விட்டார். கடைசியில் வந்து கூட்டத்தோடு நின்ற நான் இருக்கிறேன், என்னைக் கணக்கில் சேர்க்காதே, முழங்கால் கிளம்பலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அத்தான் குரல் எப்படி இருந்தது, கடைசியாக என்ன சொன்னார் என்று நாளைக்கு உன் பேரப்பிள்ளைகள் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன் என்று சொல்ல உயிரோடு இருக்கிற கடைசி ஆள் இவன் ஒருத்தன்தான். அவனை உயிரோடு வைத்ததும் நீதான்.

பனியில் செருப்பில்லாமல் நடக்காதே. நூறு வயசு இரு.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும் தம்பி.

அவர் சொல்லச் சொல்ல எழுதியது, அந்தக் கடைசி ஆள்,
கிட்டப்பா.